அறிந்தவர் கடன்

கல்வியின் பயன் யாது என்னும் வினா மிகப் பழமையானது. கற்றவற்றை நினைவிற் கொண்டு தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு அப்பயன் முடிந்துவிடுமாயின், எல்லாப் பாடங்களும் ஒரே தன்மையுடையனவே ஆகும். ஆயினும், சில பாடங்கள் அவ்வாறு முடிந்துவிடுவதில்லை. கணிதத்தில் ஒரு சமன்பாட்டைத் தீர்த்த மாணவன் நூலை மூடிவைத்துவிட்டு மனநிறைவோடு விளையாடச் செல்லலாம். சூழலியல் கற்ற மாணவனுக்கு அந்த விடுதலை இல்லை. அவன் கடந்து செல்லும் கால்வாய், அவன் உண்டு எறிந்த பொட்டலம், அவன் வீட்டு விளக்கில் எரியும் மின்சாரம் ஆகிய அனைத்தும் அவன் கற்ற பாடத்தின் தொடர்ச்சியாக அவன் எதிரே வந்து நிற்கின்றன.

1866ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய அறிஞர் இத்துறைக்குப் பெயர் சூட்டியபோது, வீடு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். உயிர்கள் தங்கள் வீட்டில் எவ்வாறு வாழ்கின்றன என்பதை ஆராய்வதே சூழலியல். வீட்டைப் பற்றிய அறிவு, வெறும் அறிவாக மட்டும் நின்றுவிட முடியுமா? கூரை ஒழுகுகிறது என்று கண்டறிந்தவன், அதை ஓர் அரிய உண்மையாகக் குறித்துவைத்துக்கொண்டு நனைந்தபடியே அமர்ந்திருப்பானா? இங்கேதான் ஓர் அறவினா பிறக்கின்றது. இடைநிலைப் பள்ளி மாணாக்கருக்குச் சூழலியலைக் கற்பிக்கும் ஆசிரியரின் கடமை, உண்மைகளை உரைப்பதோடு முடிகின்றதா? அன்றி, அவ்வுண்மைகளுக்கேற்ப வாழும் நெறியையும் அவர் கற்பித்தல் வேண்டுமா?

இரு கருத்துகள்

அறிவியல் ஆசிரியர் அறவுரை ஆற்றலாகாது என்பார் ஒரு சாரார். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. அறிவியல் ‘இஃது இவ்வாறு உள்ளது’ என்று கூறுமே அன்றி, ‘நீ இவ்வாறு செய்க’ என்று கட்டளையிடுவதில்லை. புல்லில் 10,000 அலகு ஆற்றல் இருப்பின், அதை உண்ணும் வெட்டுக்கிளிக்கு ஏறத்தாழ 1,000 அலகும், வெட்டுக்கிளியை உண்ணும் தவளைக்கு 100 அலகும், தவளையை விழுங்கும் பாம்புக்கு 10 அலகுமே சென்று சேரும் என்பது ஒரு கணக்கு. அக்கணக்கில் நல்லவரும் இல்லை, தீயவரும் இல்லை. ஆசிரியர் தம் விருப்புவெறுப்புகளை அறிவியலின் பெயரால் இளம் உள்ளங்களில் ஏற்றுவாராயின், அது கல்வியாகாது, பரப்புரையாகும். மேலும், அறவுரை மிகுந்தால் மாணவர் விரைவில் அதன் சூட்சுமத்தைக் கண்டுகொள்வர். ‘மரங்களை நேசிப்போம்’ என்று கட்டுரைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கவும், எழுதிய கையோடு தாளைக் கசக்கி எறியவும் அவர்கள் கற்றுக்கொள்வர். சுவரொட்டிப் போட்டி முடிந்த மறுநாள், அச்சுவரொட்டிகளே குப்பையாகிக் கிடப்பதைக் காணாத பள்ளி அரிது.

மறுசாராரோ, அறிவு மட்டும் போதாது என்பர். நஞ்சு எது என்று கற்பித்துவிட்டு, அதை ஆற்றில் ஊற்றாதே என்று கூறாமல் விடுவது ஆசிரியர்க்கு அழகாகுமா என்று அவர்கள் வினவுகின்றனர். 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த நச்சுக்காற்றைச் சுவாசித்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறலுக்கும் மயக்கத்திற்கும் ஆளாயினர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அக்கழிவு ஆற்றில் கொட்டத்தக்கதன்று என்னும் செய்தி நாட்டில் எவருக்கும் தெரியாததன்று. 1974ஆம் ஆண்டிலேயே சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றிய நாடு இது. அறிவும் இருந்தது, சட்டமும் இருந்தது. இல்லாமற் போனது வேறொன்று.

இவ்விரு கருத்துகளும் தத்தம் அளவில் உண்மையே. ஆயினும், இரண்டுமே ஒன்றை மறந்துவிடுகின்றன. அறிவையும் அறத்தையும் இரு பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டு, எதைத் திறப்பது என்று அவை வழக்காடுகின்றன. உண்மையில் ஒன்றை அறிந்த கணத்திலேயே அறிந்தவன் மேல் ஒரு கடன் வந்து சேர்கின்றது. அக்கடனை ஆசிரியர் படைப்பதில்லை. அதை மறைக்காமல் காட்டுவதே அவர் பணி.

ஒரு மருத்துவரின் மௌனம்

இதனை விளக்க ஜப்பான் நாட்டு மினமாதா நகரின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அந்நகரின் இரசாயனத் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டுவந்தது. அப்பாதரசம் மீன்களிலும் சிப்பிகளிலும் சேர்ந்தது. அவற்றைத் தின்ற பூனைகள் முதலில் துள்ளித் துடித்து இறந்தன. பின்னர், அதே மீனை உண்ட மீனவக் குடும்பங்களில் கைகால்கள் நடுங்கின, பார்வை சுருங்கியது, பேச்சுக் குழறியது, குழந்தைகள் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்தனர். 1956ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, இனந்தெரியாத நோய் ஒன்று பரவுகின்றது என்று சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தவர், அத்தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவரான டாக்டர் ஹொசோகாவா ஆவார்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1959ஆம் ஆண்டில் தொழிற்சாலைக் கழிவையே உணவில் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டிச் சோதித்தார். அப்பூனைக்கும் அதே நோய் கண்டது. காரணம் ஐயத்திற்கு இடமின்றிப் புலனாயிற்று. ஆனால், நிறுவனம் அச்சோதனை முடிவை வெளியிடவிடவில்லை. மருத்துவரும் வாய்மூடினார். கழிவு கடலிற் கலப்பது 1968ஆம் ஆண்டு வரை தொடர்ந்தது. 1970ஆம் ஆண்டில், நோயுற்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த நிலையில், அவர் தாம் கண்டதை நீதிமன்றத்திற்குச் சாட்சியமாக உரைத்தார். அவ்வாண்டிலேயே அவர் இயற்கை எய்தினார். 1973ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்ட மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது.

அம்மருத்துவர் தீயவரா? அல்லர். நோயை முதலில் அறிவித்தவரே அவர்தாம். அறிவில் குறைந்தவரா? அதுவும் இல்லை. எவரும் அறியாததை அறிந்தவர் அவர். அவருடைய அறிவு முழுமையாகவே இருந்தது. அவ்வறிவு அவர் மேல் சுமத்திய கடன்தான் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுக் காலம் தீர்க்கப்படாமல் கிடந்தது. அக்கடனுக்கான வட்டியை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் செலுத்தினர். இவ்வரலாற்றை வகுப்பில் உரைக்கும் ஆசிரியர், முடிவில் அறவுரை எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ‘அவர் என்ன செய்திருக்கலாம்? அவரிடத்தில் நீங்கள் இருந்தால் யாருக்கு அஞ்சியிருப்பீர்கள்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தாலே போதும்.

தோட்டத்துப் பிள்ளையின் வினா

மினமாதா தொலைவில் உள்ளது. தொலைவில் உள்ளவர் குற்றத்தைப் பேசுதல் எளிது. மலேசியத் தமிழ் மாணவன் ஒருவனுக்குச் சூழலியல் வகுப்பில் எழும் வினா இதனினும் கூரியது. ‘காடுகளை அழித்துச் செம்பனை நடுவதால் உயிரினங்கள் அழிகின்றன’ என்று பாடநூல் கூறுகின்றது. அவனுடைய பாட்டனாரும் பாட்டியாரும் பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்தே குடும்பத்தைக் காத்தனர். சிலருடைய தந்தையர் இன்றும் அத்தோட்டங்களில் பணியாற்றுகின்றனர். ‘அப்படியானால் என் தாத்தா குற்றவாளியா?’ என்று அவன் கேட்டாலும் கேட்கலாம். கேட்காமல் மனத்துள் வைத்து மறுகினாலும் மறுகலாம்.

இவ்வினாவிற்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. ‘ஆம்’ என்பது ஒன்று. அது பிள்ளையின் உள்ளத்தில் தன் குலத்து உழைப்பின்மீதே நாணத்தை விதைக்கும். ‘இல்லை, அதில் தவறொன்றும் இல்லை’ என்பது மற்றொன்று. அது பொய், காடு அழிந்தது மெய்தானே. அன்பின் பொருட்டுப் பொய் கூறும் ஆசிரியரும், உண்மையின் பொருட்டு அன்பை இழக்கும் ஆசிரியரும் ஒருவாறு தம் கடமையினின்று வழுவியவரே.

மூன்றாவது வழி ஒன்று உள்ளது. பழியைச் சுமத்துவதற்கு முன் கணக்குப் பார்க்கக் கற்பிப்பதே அது. அக்கணக்கிற்கு மூன்று கேள்விகள் வேண்டும். விளைவை அறிந்தவர் யார்? வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பெற்றிருந்தவர் யார்? அதனால் பயன் அடைந்தவர் யார்? லயத்து வீட்டில் வாழ்ந்து, விடியுமுன் எழுந்து பிரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளிக்குக் காட்டை அழிப்பதா காப்பதா என்று முடிவு செய்யும் உரிமை எவரும் தந்ததில்லை. அவர் பெற்ற பயனும் நாட்கூலியே. முடிவெடுத்தோர், பயன் பெற்றோர் ஆகியோர் பட்டியல் நீளமானது. தோட்ட முதலாளிகள் அதில் உண்டு. கொள்கை வகுத்தோர் உண்டு. மலிவான எண்ணெயில் வாழைப்பழம் பொரித்து உண்ணும் நகரத்தாரும் உண்டு. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனும், அவனுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரும் அப்பட்டியலின் கடைசி வரிகளிலேனும் இடம்பெறுகின்றனர்.

இக்கணக்கு நேர்மையானதாக இருத்தல் வேண்டும். ஒரு ஹெக்டர் செம்பனை தரும் எண்ணெய், அதே பரப்பில் பயிரிடும் சோயா தருவதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். செம்பனையை ஒரேயடியாகக் கைவிட்டால், அதே அளவு எண்ணெய்க்கு உலகில் வேறெங்கோ இதனினும் அகன்ற நிலம் உழப்படும். ஆகவே, தீர்வு ஒரு சொல்லில் அடங்குவதன்று.

தோட்டமே ஒரு சிறந்த சூழலியல் நூல் என்பதையும் ஆசிரியர் உணர்த்தலாம். 1981ஆம் ஆண்டிற்கு முன், மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கை போதிய அளவு நடைபெறவில்லை. ஆகவே, தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, மகரந்தத்தை டால்க் தூளோடு கலந்து பெண்பூக்களின்மீது தூவினர். ஆப்பிரிக்காவில், செம்பனையின் பிறப்பிடத்தில், இவ்வேலையை ஒரு சிறு மூக்குவண்டு செய்துவந்தது. மரத்தை மட்டும் கொண்டுவந்தவர்கள் அதன் தோழனை அங்கேயே விட்டுவிட்டனர். பூச்சியியல் அறிஞர் சையத் என்பாரின் ஆய்வினைத் தொடர்ந்து, 1981இல் அவ்வண்டு கெமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. விளைச்சல் உயர்ந்தது. மனிதக் கைகள் செய்த அவ்வேலையும் மறைந்தது. ஓர் உயிரை அதன் வீட்டிலிருந்து பிரித்தெடுத்தால் எத்தனை கண்ணிகள் அறுபடுகின்றன என்பதை விளக்க இதனினும் நல்ல பாடம் வேண்டுமா? அந்தத் தூளைத் தூவிய பாட்டியார் ஒருவர் இன்றும் வீட்டில் இருப்பாராயின், பேரப்பிள்ளை அவரிடம் கேட்டறிந்து வரட்டும். பாடநூல் எழுதாத ஒரு பக்கம் அப்பொழுது எழுதப்படும்.

இளம் பால்மரங்களுக்கிடையே மண்ணைக் காக்க மூடுபயிர்க் கொடிகளைப் பரப்பியதும், அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு ஈந்ததும் தோட்டத்தார் அறிந்தவையே. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளை ஒடுக்கக் கம்பங்களில் பெட்டி கட்டி ஆந்தைகளைக் குடியமர்த்தியதும் அவ்வாறே. மறுபுறம், வெளிக்காட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் முதுகில் தெளிகலன் சுமந்து களைக்கொல்லி தெளித்த வரலாறும் உண்டு. கொடிய நஞ்சாகிய பாராகுவாட்டை நீக்குவதென 2002இல் அரசு முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத்தடை நடப்பிற்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நஞ்சைச் சுமந்தவர்கள் யார்? அறிந்தவர்கள் யார்? மூன்று கேள்விகளும் மீண்டும் எழுகின்றன. இவற்றையெல்லாம் கேட்டறிந்த மாணவன் தன் பாட்டனாரை நினைந்து நாணமாட்டான். மண்ணைப் பற்றி அவர் அறிந்திருந்ததை எண்ணி வியப்பான். அவருக்கு மறுக்கப்பட்டதை எண்ணி வருந்துவான். தனக்குக் கிடைத்துள்ள அறிவையும் உரிமையையும் எண்ணிச் சிறிது அஞ்சுவான். அவ்வச்சமே கடனுணர்வின் தொடக்கம்.

முதல், கரு, உரி

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் ஓர் உதவி செய்ய இயலும். தொல்காப்பியம் அகத்திணைக்குரிய பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற் பிறக்கும் மரமும் பறவையும் விலங்கும் உணவும் தொழிலும் பிறவும் கருப்பொருள். அந்நிலத்து வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். தொல்காப்பியர் சூழலியல் நூல் எழுதினார் என்று பெருமை பேசுதல் வேண்டா. அவர் வகுத்தது செய்யுளுக்குரிய இலக்கணமே. ஆயினும், நிலத்தையும் உயிரையும் மனித ஒழுக்கத்தையும் ஒரே சட்டகத்துள் வைத்துக் காணும் பழக்கம் தமிழ் மாணவனுக்கு அந்நியமானதன்று என்பதை மட்டும் நினைவூட்டலாம்.

இன்றைய உயிரியல் நூல், வெப்பம், ஒளி, நீர், மண் ஆகியவற்றை உயிரற்ற கூறுகள் என்றும், தாவரம், விலங்கு, நுண்ணுயிர் ஆகியவற்றை உயிருள்ள கூறுகள் என்றும் பிரிக்கின்றது. முதலும் கருவும் அங்கே உள்ளன. மூன்றாவதாக ஓர் இடம் வெற்றாக நிற்கின்றது. அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு எவருடையது என்பதே இக்கட்டுரை எழுப்பிய வினா. அறிவியல் ஆசிரியர் அது நன்னெறிப் பாடத்திற்குரியது என்கின்றார். நன்னெறி ஆசிரியர் அது அறிவியலைச் சார்ந்தது என்கின்றார். இருவருக்கும் இடையில் அது எவர்க்கும் உரித்தாகாமற் போய்விடுகின்றது.

கற்பிக்கும் முறை

அவ்விடத்தை நிரப்பப் பெரிய பொருட்செலவு வேண்டியதில்லை. நான்கு மரச்சட்டங்களை ஆணியடித்து ஒரு மீட்டர்ச் சதுரம் செய்துகொண்டு பள்ளித் திடலுக்குச் செல்லலாம். அச்சதுரத்துள் எத்தனை வகைச் செடிகள் உள்ளன, திடலின் நடுவே எத்தனை, வேலியோரம் எத்தனை என்று எண்ணச் செய்யலாம். பள்ளிக் கால்வாயின் நீர் எங்கிருந்து வருகின்றது, எந்த ஆற்றிற் சென்று சேர்கின்றது என்று வரைபடம் வரையச் செய்யலாம். சிற்றுண்டிச் சாலையில் ஒரு நாளில் சேரும் எச்சிலையும் நெகிழிப் பையையும் நிறுத்துக் குறிக்கலாம். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவின் புழு நெளிகின்றதா என்று பார்க்கலாம். எண்ணியறிந்த ஒன்றை மாணவன் எளிதில் மறப்பதில்லை. தன் கையால் நிறுத்த குப்பையை அவன் பிறர் குப்பை என்று கருதுவதும் இல்லை.

அழிவை மட்டுமே ஓயாது கூறுவதும் பிழை. எல்லாம் கெட்டது, இனி மீட்சியில்லை என்று கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, கடனைத் தீர்க்க முனையமாட்டான், கைவிரித்துவிடுவான். ஆகவே, காத்துப் பயன்கொண்ட சான்றுகளையும் கூற வேண்டும். பேராக் மாநிலத்து மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது திட்டமிட்டுப் பேணப்பட்டு வருகின்றது. அங்கே பாக்காவ் மரங்களை வெட்டிக் கோலா செப்பெத்தாங்கின் சூளைகளில் கரி சுடுகின்றனர். ஆயினும், காடு அழிந்துவிடவில்லை. முப்பது ஆண்டுச் சுழற்சியில், ஒரு பகுதியை வெட்டியபின் அங்கே மீண்டும் கன்றுகள் வளர இடமளித்து, முறை வைத்து வெட்டுகின்றனர். இன்று வெட்டுகின்றவர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வெட்டப்போகின்றவரை மனத்திற் கொள்கின்றார். அலையாத்திக் காட்டின் அடுக்குகளைத் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவனுக்கு, இந்த முப்பது ஆண்டு என்னும் எண்ணின் அறப்பொருளையும் எடுத்துக் காட்டலாமன்றோ?

தேர்வு நெருங்குகின்றது, பாடத்திட்டம் முடியவில்லை, இவற்றிற்கெல்லாம் நேரம் எங்கே என்னும் முறையீடு எழும். அது பொய்யன்று. ஆனால், மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை பாடத்திட்டத்திற்குப் புறம்பானவை அல்ல. ஆற்றல் ஓட்டமும், மகரந்தச் சேர்க்கையும், உணவுச் சங்கிலியில் நஞ்சு சேர்தலும் எப்படியும் கற்பிக்க வேண்டியவையே. கற்பித்து முடித்தபின் ‘இதை அறிந்த நமக்கு என்ன கடன்?’ என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி கற்பிப்போர்க்கும் இதிற் பங்குண்டு. இடைநிலைப் பள்ளியில் வேறு மொழியில் இப்பாடங்களைக் கற்கப் போகும் பிள்ளைக்கு, ஊற்று, ஓடை, சதுப்பு, கழிமுகம், மூடுபயிர் என்னும் சொற்களைத் தாய்மொழியில் முன்னரே தந்து அனுப்புதல் அவர்கள் கையில் உள்ளது. பெயர் தெரியாத மரத்திற்காக எவரும் பரிந்து பேசுவதில்லை.

நிறைவாக ஒன்று. ஆசிரியர் சொல்வதைக் காட்டிலும் செய்வதையே மாணவர் கூர்ந்து நோக்குகின்றனர். ஆளில்லா வகுப்பறையில் சுழலும் மின்விசிறியைக் கடந்து செல்லும் ஆசிரியர், அன்றைய பாடத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகின்றார். நின்று அதை நிறுத்திச் செல்பவர், ஒரு சொல்லும் பேசாமல் உரிப்பொருளைக் கற்பித்துவிடுகின்றார். சூழலியல் கற்ற மாணவர் அனைவரும் அறிஞராகப் போவதில்லை. ஒருவன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாகலாம். ஒருத்தி மாவட்ட அலுவலகத்தில் உரிமங்களுக்கு ஒப்பமிடலாம். மற்றொருவன் கழிவு ஏற்றிய வாகனத்தை ஓட்டலாம். நள்ளிரவில் அவ்வாகனம் ஆற்றங்கரையில் நிற்கும்போது, அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார். தேர்வுத் தாளும் இராது. இது எங்கிருந்து வந்தது, எங்கே போகின்றது, இதை அறிந்த நான் யாது செய்தல் வேண்டும் என்னும் கேள்வி மட்டும் அவன் உள்ளத்தில் எழுமாயின், அவனுக்குக் கற்பித்தவர் தம் கடனைத் தீர்த்தவராவார்.